புகையில உறைஞ்சு நின்னது கோழைத்தனம் இல்லை

சகோதரி, மூணாவது மாடி வீட்டுக்குள்ள புகை வந்தப்போ நீங்க சார்ஜரைத் தேடிக்கிட்டு நின்னதாவும், குழந்தைகளைக் கணவர்தான் இழுத்துட்டுப் போனார்னும் எழுதியிருக்கீங்க. ஒரு மாசமா உங்களையே திட்டிக்கிட்டது போதும். ஆபத்துல நிறைய பேர் அலறி ஓடறதில்லை, அப்படியே நின்னுடறாங்க. அந்த நேரத்துல மூளை பழகினதைத்தான் செய்யும். வெளியே கிளம்பினா சார்ஜர் எடுக்கறது உங்க பழக்கம், அவ்வளவுதான்.

இந்தோனேசியாவின் சிமெலுவே தீவைப் பாருங்க. 1907 பேரலைக்கு அப்புறம், நிலம் பலமா ஆடி கடல் உள்வாங்கினா மேட்டுக்கு ஓடணும்னு தாலாட்டுலயே சொல்லி வளர்த்தாங்க. அதுக்கு 'ஸ்மோங்'னு பேர். 2004 சுனாமியில நிலநடுக்க மையம் பக்கத்துலயே இருந்தும், அங்க சுமார் 78,000 பேர்ல இறந்தது 7 பேர்தான்.

அதே மாதிரி புகை வந்தா என்ன செய்யணும்னு பழகிக்கத்தான், எங்க வீட்டுல மாசம் ஒரு ராத்திரி விளக்கை அணைச்சுட்டு வாசல் வரைக்கும் தவழ்ந்து போவோம். (பசங்களுக்கு ஒரே சிரிப்பு.) மேல் தாழ்ப்பாள் சின்னவனுக்கு எட்டலைன்னு முதல் தடவைதான் தெரிஞ்சது. மறுநாளே கீழே இறக்கி மாட்டினோம். சாவி எப்பவும் அதே ஆணியிலதான்.

தீ விபத்துல வெளியே போறதுக்கு முன்னாடி கதவைப் புறங்கையால தொட்டுப் பாருங்க. சூடா இருந்தா திறக்காம, இடுக்குல ஈரத்துணி அடைச்சுட்டு ஜன்னல் பக்கம் போய் தீயணைப்புக்கு 101-ஐக் கூப்பிடுங்க. லிஃப்ட் வேண்டவே வேண்டாம்.

தூக்கத்துல புகை வாசனை வர்றது நிக்கலைன்னா அரசோட மனநல உதவி எண்ணான 14416 டெலி மானஸ்ல பேசுங்க. இலவசம், தமிழ்லயே பேசலாம்.