உப்பு மூலக்கூறுகளோட ஹைபர்ஃபைன் அளவீடெல்லாம் (அணுக்கருவால மூலக்கூறோட ஆற்றல் நிலைகள்ல வர்ற நுண்ணிய பிளவை அளக்குறது) பழைய சரக்காமே, இப்போ அதுல ஆராய்ச்சிக்குப் போகலாமா?

யாரோ உங்ககிட்ட இப்படிச் சொல்லிட்டாங்க, நீங்களும் கலங்கிப் போய் கேக்குறீங்க, சொன்னவர் பெரும்பாலும் தியரி ஆளாத்தான் இருக்கும். இயற்பியலாளர் ராபியோட குரூப் லித்தியம் குளோரைடு கற்றைல அணுக்கருவோட காந்தத் திருப்புத்திறனை அளந்தது 1938ல, சீசியம் ஃபுளோரைடுல மின்புல ரெசொனன்ஸ் (மின்புலத்தை வச்சு மூலக்கூறோட நிலையை மாத்தி அளக்குற முறை) வந்தது 1947ல, பழசுதான், மறுக்கல. ஆனா லித்தியம் அயோடைடுல அயோடின் கருவோட பதினாறுமுனை விளைவுக்கு (கருவுல மின்னூட்டம் பரவியிருக்குற வடிவத்தால வர்ற ரொம்ப நுண்ணிய விளைவு) அடையாளம் தெரியுதுன்னு மினசோட்டால ஒரு காலேஜ்ல, இளநிலைப் பசங்களையும் வச்சுக்கிட்டு, 1998ல பேப்பர் போட்டாங்க. பழசுன்னு மூடி வச்சிருந்தா அது வந்திருக்குமா?

நான் பண்ணது பொட்டாசியம் ஃபுளோரைடு. வெற்றிடத்துல அடுப்பைச் சூடாக்கி ஆவியைக் கற்றையா விடணும், நாலுமுனை மின்புலம் வேணுங்குற சுழற்சி நிலையை மட்டும் குவிச்சு அனுப்பும், நடுவுல ரேடியோ அலை நிலையை மாத்திட்டா அடுத்த மின்புலத்துல மூலக்கூறு வேற பாதைல போயிடும், கடைசில சூடான டங்ஸ்டன் கம்பில பட்டு பொட்டாசியம் அயனியா கிளம்பும், அதைத்தான் எண்ணுறோம். எங்க தலைவலியே அந்தக் கம்பிதான். டங்ஸ்டன்லயே பொட்டாசியம் கசடு ஒளிஞ்சிருக்கும், சூடானா அதுவும் அயனியா கொட்டும், நிறையை வச்சு அயனியைப் பிரிக்கிற மாஸ் ஃபில்டர் போட்டும் பிரயோஜனம் இல்ல, ரெண்டுமே நிறை 39! ரேடியோ அலையை ஆன் ஆஃப் பண்ணி வித்தியாசத்தை மட்டும் எடுக்கலாமேன்னு சிலர் கமெண்ட்ல வருவீங்க, அதையும்தான் பண்ணோம், ஆனா கசடு சீரா வராது, திடீர் திடீர்னு வெடிக்கும், அந்த இரைச்சல் எங்க போகும்? ராத்திரி ராத்திரியா கம்பியை வேலைக்குத் தேவையானதுக்கும் மேல சூடாக்கியே போட்டு வச்சோம், மெல்ல மெல்ல அடங்குச்சு. பொட்டாசியம் கரு உருண்டையா இல்லாததால வர்ற குவாட்ருபோல் விளைவோட அளவு எட்டு மெகாஹெர்ட்ஸுக்குக் கொஞ்சம் கம்மி, அது ஈஸி. ஃபுளோரின் கருவோட ஸ்பின் (தற்சுழற்சி) அரைங்குறதால அதுக்குக் குவாட்ருபோலே கிடையாது, அதோட ஸ்பின்-சுழற்சி விளைவு (கருவோட ஸ்பின்னும் மூலக்கூறு சுழலறதும் ஒண்ணை ஒண்ணு பாதிக்கிறது) வெறும் பத்து கிலோஹெர்ட்ஸ் அளவு, நிறமாலைக் கோடு சில நூறு ஹெர்ட்ஸ்ல ஒல்லியா நின்னாத்தான் அதைப் பிரிச்சு எடுக்க முடியும். நின்னுச்சு.

இன்னொண்ணு, கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லதான், இருந்தாலும் சொல்றேன். கற்றை போற ஒடுக்கமான பிளவுகள், அதான் ஸ்லிட்டு, அதெல்லாம் ஒரே நேர்கோட்டுல வர்ற மாதிரி இழைச்சுக் குடுத்தது ஒர்க்‌ஷாப் அண்ணன். பேப்பர்ல அவர் பேரு நன்றி வரில கூட வரல, ஒருநாள் கூட லேபுக்குள்ள வராதவங்க பேரெல்லாம் வந்துச்சு. கேட்டதுக்கு "வழக்கம் இல்ல"ன்னாங்க.

போங்க, தாராளமா சேருங்க. சேர்றதுக்கு முன்னாடி அங்க டிடெக்டர் கம்பி என்னதுன்னு மட்டும் கேட்டுக்கோங்க.