கம்பிக்குக் கீழே

அன்புள்ள ஐயா,

நான் ஒரு திட்டமிடல் அலுவலகத்தில் இளநிலைப் பொறியாளர். தொழில் வளராத, பெரிய வறண்ட பகுதி ஒன்றுக்கு இருபதாண்டுத் திட்டம் தயாரித்துக்கொண்டிருக்கிறோம். சோலார் பூங்கா, காற்றாலைகள், நான்குவழிச் சாலை, சரக்கு ரயில் பாதை எல்லாம் பட்டியலில் இருக்கின்றன. எதை முதலில் கட்டினால் பகுதி வேகமாக வளரும்? உள்ளூர்க்காரர்களுக்கு எவ்வளவு வேலை கிடைக்கும்? மக்களிடம் விழிப்புணர்வே இல்லை, அளக்கப் போனாலே தகராறு செய்கிறார்கள். இவர்களுக்கு எப்படிப் புரியவைப்பது? படிக்க நல்ல புத்தகங்கள் இருந்தால் சொல்லுங்கள். நீங்கள் பெரிய திட்டங்களுக்கே எதிரானவர் என்று என் நண்பர் சொல்கிறார். அது உண்மையா?

அன்புடன்,
கே.

அன்புள்ள கே.,

கடிதங்களுக்கு ஒழுங்காகப் பதில் போடுகிறவன் இல்லை நான். உங்களுடையதை மட்டும் மூன்று நாளாக ஒதுக்கி வைக்க முடியவில்லை. ‘அளக்கப் போனாலே’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இரண்டு சொல்லுக்காகத்தான் இந்தப் பதில். நானும் ஒரு காலத்தில் அளக்கப் போனவன். அதை அப்புறம் சொல்கிறேன்.

முதலில் சில்லறையைத் தீர்த்துவிடலாம். உங்கள் நண்பர் சொன்னது தப்பு. மின்விசிறி நின்றால் ஒரு வரி எழுத வராத எனக்கு மின்சாரத்தோடு என்ன விரோதம்? புத்தகம் இப்போதைக்கு வேண்டாம், உங்கள் மேஜைமேல் விரித்திருக்கும் வரைபடத்தையே நீங்கள் இன்னும் படித்து முடிக்கவில்லை என்று தோன்றுகிறது. வேலைவாய்ப்பா? சோலார் பூங்கா கட்டும்போது பெருங்கூட்டம் வேண்டும். கட்டி முடிந்ததும் பேனல் கழுவ, புல் வெட்ட, காவல் இருக்க, கொஞ்சம் பேர் போதும். நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துக் கட்டிய கர்நாடகத்தின் பாவகடா பூங்காவைப் பெரிதாகப் பாராட்டுகிறார்கள். நிலம் வைத்திருப்பவருக்கு அது நல்ல ஏற்பாடுதான். அந்த நிலத்தில் கூலிக்குப் போனவருக்குக் குத்தகைப் பணத்தில் என்ன பங்கு? சோலார் வேலை தரும் என்று தயவுசெய்து அறிக்கையில் எழுதிவிடாதீர்கள். மின்சாரம் அந்தப் பகுதியில் தங்கினால், அதை வைத்து வேறு யாராவது வேலை தரக்கூடும், அவ்வளவுதான்.

சரி, எதை முதலில் என்று கேட்டீர்கள். கம்பியை. மின்சாரத்தைக் கொண்டுபோகும் லைனை.

உங்கள் பட்டியலை மறுபடி பாருங்கள். பூங்கா இருக்கிறது, காற்றாலை இருக்கிறது, சாலை இருக்கிறது, லைன் எங்கே? நீங்கள் மறந்ததற்குக் காரணம் எனக்குத் தெரியும். உலகம் முழுக்க இதேதான். காற்றாலையைத் திறந்துவைக்க அமைச்சர் வருவார், நாடா வெட்டுவார், பின்னால் வெள்ளை இறக்கை சுற்றுகிற மாதிரி படம் எடுத்துக்கொள்வார். நானூறு கிலோமீட்டர் கம்பியின் முன்னால் நின்று யாரும் படம் எடுத்துக்கொண்டதில்லை. காற்றாலையை ஒன்றரை வருஷம், இரண்டு வருஷத்தில் நிறுத்திவிடலாம், அது நிற்பது ஒரே இடத்தில். லைன் ஆயிரம் பேருடைய நிலத்தைக் கடந்து போகவேண்டும், அதனால் அதற்கு ஐந்து வருஷம், சில இடங்களில் பத்து வருஷம்கூட ஆகும். ஆக, முதலில் தொடங்க வேண்டியதைத்தான் எல்லோரும் கடைசியில் தொடங்குகிறார்கள்.

கென்யாவில் துர்கானா ஏரிப் பக்கம் போய்ப் பாருங்கள். 365 காற்றாலைகள், மொத்தம் 310 மெகாவாட். 2017 தொடக்கத்திலேயே எல்லாம் தயார். காற்றும் அங்கே வருஷம் முழுக்க விடாமல் அடிக்கும். ஆனால் மின்சாரம் கிரிட்டுக்கு, அதாவது நாட்டின் பொது மின் வலைக்குப் போனது 2018 செப்டம்பரில். லைன் போட ஒப்பந்தம் எடுத்த ஸ்பெயின் கம்பெனி நடுவில் திவாலானது. இடைப்பட்ட காலத்தில், வராத மின்சாரத்துக்கு அரசாங்கம் பணம் கட்ட வேண்டியிருந்தது. அந்த இறக்கைகளைக் கொண்டுபோக 208 கிலோமீட்டர் சாலையைச் செப்பனிட்டார்கள் என்பதையும் கவனியுங்கள். சாலை நேரத்துக்கு வந்துவிட்டது, காற்றாலையும் வந்துவிட்டது, கம்பிதான் வரவில்லை. உங்கள் பட்டியலும் இதே வரிசையில்தான் இருக்கிறது, அதனால் சொல்கிறேன்.

இது ஏழை நாட்டுக் கதை என்று நினைக்க வேண்டாம். சீனாவின் கான்சு மாகாணத்தில் வரிசை வரிசையாகக் காற்றாலை நட்டார்கள். 2016இல் அங்கே எடுத்திருக்கக்கூடிய காற்று மின்சாரத்தில் 43 சதவீதம் வீணாய்ப் போனது. உள்ளூரில் அவ்வளவு தேவையும் இல்லை, வெளியே கொண்டுபோக வழியும் போதவில்லை. மறு வருஷம் ஹூனான் மாகாணம் வரைக்கும் 2,383 கிலோமீட்டருக்கு லைன் இழுத்தார்கள். இதற்கு நேர்மாறாக டெக்சாஸ்காரர்கள் செய்ததைப் பாருங்கள். லைன் இல்லாத இடத்தில் காற்றாலை கட்ட மாட்டேன் என்கிறார் ஒருவர், காற்றாலை இல்லாத இடத்துக்கு லைன் எதற்கு என்கிறார் இன்னொருவர், கோழியா முட்டையா கதைதான். அங்கே 2005இல் சட்டம் போட்டு, காற்று நன்றாக அடிக்கும் ஐந்து மண்டலங்களைக் குறித்து, காற்றாலைகள் வருவதற்கு முன்பே லைனை அனுமதித்தார்கள். கிட்டத்தட்ட 5,800 கிலோமீட்டர். 2014 தொடக்கத்தில் முடிந்தது. மதிப்பீட்டைவிடச் செலவு எகிறியது, அந்தச் செலவை எல்லா நுகர்வோர் தலையிலும் ஏற்றினார்கள், அதற்குத் திட்டு வாங்கினார்கள். வாங்கட்டும். கம்பி இருந்த இடத்துக்குக் காற்றாலை வந்தது, பிறகு சோலாரும் வந்தது.

போதும் என்று உங்களுக்குத் தோன்றும். எனக்குப் போதவில்லை. கம்பியை முதலில் போடு என்பதில் பாதிதான் இதுவரை சொன்னது. மீதி பாதி, கம்பி எங்கே இறங்குகிறது என்பது.

காங்கோ ஜனநாயகக் குடியரசில், காங்கோ நதியில் இங்கா அணை இருக்கிறது. அங்கிருந்து, அந்நாட்டை ஸயிர் என்று அழைத்த காலத்தில், 1,700 கிலோமீட்டருக்கு ஒரு லைன் போட்டார்கள். 1982இல் முடிந்தபோது உலகத்திலேயே நீளமான லைன் அதுதான். தெற்கே இருந்த செப்புச் சுரங்கங்களுக்காகப் போட்டது. அது நேர்மின்சார லைன், தூரத்துக்கு அதுதான் தோது, வழியில் இழப்பு குறைவு. ஆனால் நடுவில் எந்த ஊரிலாவது கொஞ்சம் இறக்க வேண்டுமென்றால் அதை வீட்டுக்கு ஏற்ற மின்சாரமாக மாற்ற ஒரு பெரிய நிலையம் கட்டவேண்டும், அதைக் கட்டக் காசு இல்லை, காசு இருந்தாலும் அந்தப் பொறியாளர்களின் பட்டியலில் அது இல்லை. வழியில் இருந்த கிராமங்கள் தலைக்குமேல் கம்பியையும் கீழே இருட்டையும் வைத்துக்கொண்டு பல பத்தாண்டுகள் இருந்தன. அந்த லைன் பழுதில்லாமல்தான் வேலை செய்தது என்று வைத்துக்கொண்டாலும், பகுதி வளர்ச்சி என்ற உங்கள் அறிக்கையின் தலைப்பை அந்த ஊர்க்காரரிடம் படித்துக் காட்டுவீர்களா?

இப்போது ‘விழிப்புணர்வு இல்லை’ என்ற உங்கள் வாக்கியத்துக்கு வருகிறேன். இந்த வாக்கியத்தை இனிமேல் எழுதாதீர்கள். எழுதினால் எனக்கு அனுப்பாதீர்கள். ஜெர்மனியின் வடகடல் பக்கத்திலிருந்து தெற்கே மின்சாரம் கொண்டுபோக சூட்லிங்க் என்று ஒரு லைன். 2022இல் முடிந்திருக்க வேண்டியது, 2028 என்று தள்ளிப் போட்டிருக்கிறார்கள். வழிநெடுக மக்கள் எதிர்த்தார்கள், அதனால் 2015இல் சட்டத்தை மாற்றி மண்ணுக்கடியில் கேபிளாகப் புதைக்க முடிவு செய்து, முதலிலிருந்து வழியைத் திட்டமிட வேண்டியதாயிற்று. தென் ஜெர்மனியின் பவேரியாக்காரனுக்கும் விழிப்புணர்வு இல்லையா? மக்களே பங்கு போட்டுக் கட்டிய இடமும் உண்டு. டென்மார்க்கில் கோபன்ஹேகன் கரையோரம் மிடில்குருண்டன் என்று இருபது காற்றாலைகள் 2000இல் எழுந்தன. பாதி நகர மின்வாரியத்துடையது, பாதி கூட்டுறவில் பங்கு வாங்கிய எட்டாயிரத்துச் சொச்சம் பேருடையது. துர்கானா காற்றாலை வழக்கில் 2021இல் கென்ய நீதிமன்றம், அதற்காக 1,50,000 ஏக்கர் நிலம் எடுத்த முறையே சட்டப்படி இல்லை என்று சொல்லிவிட்டது. அங்கே தகராறு செய்தவர்களுக்கு விழிப்புணர்வு இருந்தது தம்பி, அளக்க வந்தவர்களுக்குத்தான் இல்லை.

கோபம் வந்துவிட்டது, மன்னியுங்கள். உங்கள்மேல் இல்லை.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. ஒரு சர்வே கோஷ்டியில் செயின் பிடிக்கிற வேலை. 220 கிலோவோல்ட் லைனுக்கு வழி குறித்துக்கொண்டு போனோம். கோணம் அளக்கும் தியோடலைட்டைப் பொறியாளர் பார்ப்பார், அவர் கையைக் காட்டும் இடத்தில் நான் சிவப்பு வர்ணம் அடித்த மர முளையைச் சம்மட்டியால் இறக்குவேன். லைன் திரும்புகிற இடத்து முளை முக்கியமானது, அது நகர்ந்தால் அதற்கு அப்புறம் எல்லாமே நகரும். ஒரு நாள் காலையில் போனால், முந்தின நாள் அடித்த திருப்பத்து முளையைக் காணோம். தேடிப்போனேன். இருநூறு அடி தள்ளி ஒரு குடிசை வாசலில் அதை நட்டு, ஆட்டைக் கட்டியிருந்தாள் ஒரு பாட்டி. சத்தம் போடத் தயாராகத்தான் போனேன். அவள் எதுவும் பேசாமல் ஆட்டை அவிழ்த்து வேலிக்காலில் கட்டினாள், முளையை ஆட்டிப் பிடுங்கிக் கையில் கொடுத்தாள். அப்புறம் கேட்டாள்.

“இந்தக் கம்பி வந்தா எங்க வீட்ல வெளக்கு எரியுமா?”

எரியாது என்று எனக்குத் தெரியும். 220 கிலோவோல்ட்டை வீட்டுக்கு இறக்க வேண்டுமென்றால் முதலில் ஒரு துணைமின் நிலையம், பிறகு சின்ன லைன்கள், பிறகு டிரான்ஸ்பார்மர், கடைசியில்தான் அவள் வீட்டுக் கம்பம். எங்கள் வரைபடத்தில் துணைமின் நிலையத்தைக் குறிக்கும் சதுரம் இரண்டு முனைகளில் மட்டும்தான் போட்டிருந்தது, நடுவில் வெறும் கோடு.

“எரியும் பாட்டி” என்றேன்.

அவள் என்னோடு நடந்து வந்தாள். “இங்கதான அடிச்ச?” என்று பழைய குழியைக் காலால் காட்டினாள். குனிந்து முளையை நேராகப் பிடித்துக்கொண்டாள், அவள் கையில் படாமல் இருக்கவேண்டுமே என்று நான் மெதுவாக அடித்தேன். பொறியாளர் தூரத்தில் நின்று சீக்கிரம் என்று கை காட்டினார்.

லைன் வந்தபிறகு ஒருமுறை ராத்திரி பஸ்ஸில் அந்த வழியாகப் போனேன். திருப்பத்து டவர் அதே இடத்தில், அகலக் காலோடு நின்றது. பக்கத்தில் மண்ணெண்ணெய் விளக்கு ஒன்று தெரிந்தது. அவள் வீடுதானா என்று சொல்ல முடியாது, பஸ் வேகமாகப் போய்விட்டது.

ரயில் பாதை பற்றியும் கேட்டிருந்தீர்கள், மறந்தே போனேன். அதற்கு இன்னொரு கடிதம் போடுங்கள். போடும்போது, உங்கள் வரைபடத்தில் லைன் போகப்போகிற வழியில் எத்தனை ஊர் இருக்கிறது, அதில் எத்தனை இடத்தில் சதுரம் போட்டிருக்கிறீர்கள் என்று எண்ணி எழுதுங்கள்.