மொழி தெரியாமல் வெளிநாட்டுக் கலைப் பட்டறைக்குப் போகலாமா?

தாராளமாகப் போங்கள். பேச்சு சரளமாக வராது, இரண்டு வாரத்தில் ஓவியம் முடியாது என்று இரண்டு பயங்களை எழுதியிருந்தீர்கள். ஓவியத்தை முடிக்கவே வேண்டாம். 1982இல் பிரிட்டிஷ் சிற்பி ஆன்டனி கேரோவும் கலைச் சேகரிப்பாளர் ராபர்ட் லோடரும் நியூயார்க் மாநிலத்தில் கலைஞர்களுக்காகத் தொடங்கிய டிரையாங்கிள் பட்டறையும் இரண்டு வாரம்தான் நடந்தது. பக்கத்தில் இருப்பவர் செய்வதைப் பார்த்துக்கொண்டே செய்வதுதான் அதன் உயிராக இருந்தது.

நான் போன பட்டறையில் பக்கத்து மேசைக்காரருக்கும் எனக்கும் பொதுமொழியே கிடையாது. என் தூரிகையை வாங்கி, கைப்பிடி முனையால் ஈர வண்ணத்தைச் சுரண்டிக் காட்டினார். இன்றும் அப்படித்தான் கோடு இழுக்கிறேன்.

அப்புறம், பெரிய கேன்வாஸ் வேண்டாம், சின்னத் தாள்கள் போதும். பயணச் செலவு யாருடையது, அங்கே செய்த படைப்பு யாருக்குச் சொந்தம் என்பதை மட்டும் இப்போதே எழுத்தில் வாங்கிவிடுங்கள். சில இடங்களில் ஒரு படைப்பை விட்டுவிட்டு வரச் சொல்வார்கள்.