நிலம், நீர், காடு: மக்கள் பிரதிநிதி அரசிடம் என்ன கேட்க வேண்டும்? கேள்வி பதில்

சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குக் கேள்விகள் தயாரித்துக் கொடுக்கும் வேலையில் பல ஆண்டுகள் இருந்தவன் நான். கிராமத்து நிலம், சுற்றுச்சூழல் தொடர்பாக அவையில் கேள்வி எழுப்புவது பற்றி நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் தருகிறேன்.

மேலூர் பக்கத்திலிருந்து ஒருவர்: டங்ஸ்டன் சுரங்கத்துக்கு எதிராகச் சட்டப்பேரவையில் தீர்மானம் போட்டார்கள். அதற்குச் சட்ட பலம் இல்லை என்று சிலர் சொல்கிறார்கள். அப்படியானால் அவையில் பேசி என்ன பயன்?

தீர்மானம் மத்திய அரசைக் கட்டுப்படுத்தாது, அது உண்மைதான். ஆனால் நடந்ததைத் தேதி வாரியாகப் பாருங்கள்.

2023-இல் கனிமச் சட்டத்தைத் திருத்தி, முக்கியக் கனிமங்கள் என்று பட்டியலிட்ட 24 கனிமங்களை ஏலம் விடும் அதிகாரத்தை மத்திய அரசு தன் கையில் எடுத்துக்கொண்டது. டங்ஸ்டன் அந்தப் பட்டியலில் இருக்கிறது. 2024 நவம்பரில் நாயக்கர்பட்டி சுரங்கப் பகுதி, ஏறத்தாழ 5,000 ஏக்கர், ஹிந்துஸ்தான் ஜிங்க் நிறுவனத்துக்கு என்று ஏல முடிவு வந்தது. அந்த எல்லைக்குள் அரிட்டாபட்டியும் வந்தது. 2022 நவம்பரில் மாநில அரசே பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்த ஊர் அது. டிசம்பர் 9-ஆம் தேதி பேரவையில் ஒருமனதாகத் தீர்மானம். ஜனவரி 7-ஆம் தேதி விவசாயிகள் மதுரையை நோக்கிப் பேரணி போனார்கள். 2025 ஜனவரி 23 அன்று ஏலம் ரத்து.

ரத்து செய்ய வைத்தது ஊர் மக்களின் போராட்டம் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் தீர்மான விவாதத்தில் வேறொன்றும் நடந்தது. ஏலம் அறிவித்து மாதக்கணக்கில் மாநில அரசு என்ன செய்தது என்று எதிர்க்கட்சித் தலைவர் கேட்டார். மாநிலங்களின் ஏல உரிமையைப் பறிக்கக் கூடாது என்று 2023-லேயே கடிதம் எழுதியதாக அரசு சொன்னது. ஏலம் முடியும்வரை மாநிலத்திலிருந்து எதிர்ப்பு வரவில்லை என்று மத்திய சுரங்க அமைச்சகம் சொன்னது. யார் எப்போது எதை எழுதினார்கள் என்பது அரசுக் கோப்புகளுக்குள் கிடந்த விஷயம். அவையில் கேள்வி வந்ததால்தான் அது வெளியே வந்தது.

என் ஆதங்கம் ஒன்றுதான். இந்தக் கேள்வி ஏல முடிவுக்குப் பிறகு வந்ததைவிட, ஏல அறிவிப்பு வந்த வாரமே வந்திருந்தால் மக்களுக்கு எவ்வளவோ அலைச்சல் மிச்சமாகியிருக்கும்.

மதுரை மாவட்டம்: எங்கள் கண்மாய் ஆக்கிரமிப்பு பற்றிப் பேரவையில் எழுப்பச் சொல்லி மனு கொடுத்தோம். கேள்வியும் வந்தது. 'ஆவன செய்யப்படும்' என்ற பதிலோடு முடிந்துவிட்டது. எங்கே தவறு?

கேள்வியை அமைத்த விதத்தில். நம் பேரவையில் கேள்விகள் பெரும்பாலும் இப்படி முடியும்: 'கண்மாயைச் சீரமைக்க அரசு முன்வருமா?' முன்வருமா என்று கேட்டால் 'நிதிநிலைக்கேற்பப் பரிசீலிக்கப்படும்' என்று சொல்லி அமைச்சர் உட்கார்ந்துவிடலாம். அவரைக் குறை சொல்ல முடியாது. நாம் கேட்டது அவ்வளவுதான்.

அதே விஷயத்தை இப்படிக் கேட்டுப் பாருங்கள் ('அ' பதிவேடு என்பது கிராமத்து நிலங்களின் பரப்பும் வகையும் எழுதியிருக்கும் வருவாய்த்துறைப் பதிவேடு):

'இன்ன வட்டம், இன்ன கிராமத்தில், இன்ன புல எண்ணில் உள்ள கண்மாயின் பரப்பு 'அ' பதிவேட்டின்படி எவ்வளவு? கடைசியாக எந்தத் தேதியில் அளக்கப்பட்டது? அப்போது கண்ட பரப்பு எவ்வளவு? 2007-ஆம் ஆண்டு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டத்தின் கீழ் எத்தனை பேருக்கு அறிவிப்பு கொடுக்கப்பட்டது? எத்தனை ஆக்கிரமிப்புகள் அகற்றப்பட்டன? வரத்துக்கால்வாய் அளக்கப்பட்டதா?'

இதற்கு 'ஆவன செய்யப்படும்' என்று பதில் எழுத முடியாது. கேள்வி தலைமைச் செயலகத்திலிருந்து மாவட்ட ஆட்சியர், கோட்டாட்சியர், வட்டாட்சியர் என்று இறங்கிக் கடைசியில் கிராம நிர்வாக அலுவலர் கையில் வந்து நிற்கும். அவர் பதிவேட்டைத் திறந்தாக வேண்டும், நில அளவர் சங்கிலியோடு வந்தாக வேண்டும். கேள்வி அவையில் எடுத்துக்கொள்ளப்படாமல் போனாலும் இந்த வேலை நடந்துவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

வரத்துக்கால்வாயை மறந்துவிடாதீர்கள். கண்மாய் உள்வாயை, அதாவது தண்ணீர் தேங்கும் பகுதியை மட்டும் கேட்பார்கள், பதிலும் 'ஆக்கிரமிப்பு இல்லை' என்று வரும். தண்ணீர் வரும் வழியில் வீட்டுமனை போட்டிருப்பார்கள்.

திருவாரூர்: எதை எம்.எல்.ஏ.விடம் கொண்டுபோவது, எதை எம்.பி.யிடம் கொண்டுபோவது?

அரசியல் சட்டப்படி நிலம், விவசாயம், பாசனம் மாநிலப் பட்டியல், அதாவது மாநிலம் சட்டம் போடும் விஷயங்கள். காடு 1976-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு பொதுப்பட்டியல், மத்திய அரசும் மாநில அரசும் சட்டம் போடலாம். நிலம் கையகப்படுத்துவதும் பொதுப்பட்டியல். சுரங்கம் பெயரளவில் மாநிலத்திடமும் இருக்கிறது, ஆனால் நாடாளுமன்றச் சட்டம்தான் அதை ஆள்கிறது. பெரிய திட்டங்களின் சுற்றுச்சூழல் அனுமதி 2006-ஆம் ஆண்டு மத்திய அறிவிக்கையின்படி நடக்கிறது.

மேய்க்கால் புறம்போக்கு (ஊர்ப் பொது மேய்ச்சல் நிலம்) போய்விட்டது என்று மக்களவையில் கேட்டால் 'நிலம் மாநிலப் பொருள்' என்று ஒரே வரியில் பதில் வரும். எம்.பி.யிடம் கேட்க வேண்டியது, மத்திய அமைச்சகத்தின் கையில் இருக்கிற தாள் எது என்பதை. எந்தத் தேதியில் மாநிலத்துக்குக் கடிதம் போனது, நிபுணர் குழு எப்போது கூடியது, பொதுமக்கள் கருத்துக் கேட்பில் பதிவான ஆட்சேபங்கள் என்ன. இவை மத்திய அரசு தட்டிக்கழிக்க முடியாதவை.

மத்திய அரசின் கையில் இருக்கும் விஷயத்தைப் பேரவையிலும் எழுப்பலாம் என்பதற்கு உங்கள் ஊர்ப் பக்கமே நல்ல உதாரணம் உண்டு. 2020-இல் மாநில அரசு டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக ஆக்கிச் சட்டம் போட்டது. அப்படியிருந்தும் 2023 ஏப்ரல் தொடக்கத்தில் மத்திய அரசின் நிலக்கரி ஏலப் பட்டியலில் வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்புப் பகுதிகள் இருந்தன. பல கட்சி உறுப்பினர்களும் ஏப்ரல் 5 அன்று பேரவையில் அதை எழுப்பினார்கள், முதலமைச்சர் பதில் சொன்னார், ஏப்ரல் 8-ஆம் தேதி அந்தப் பகுதிகள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. மூன்றே நாள்! பேரவை நடந்துகொண்டிருந்த நேரம் என்பது பெரிய உதவி. மானியக் கோரிக்கை (துறைவாரியாகச் செலவுக்கு அவையின் ஒப்புதல் கேட்கும் விவாதம்) நடக்கும் மாதங்களில் கண்ணைத் திறந்து வைத்திருங்கள்.

'பரிசீலனையில் உள்ளது', 'தகவல் சேகரிக்கப்படுகிறது' என்ற பதில்களை என்ன செய்வது? (கேட்டவர்கள் பலர்)

தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நாடாளுமன்றத்தில் இந்த இரண்டும் அரசு கொடுத்த உறுதிமொழியாகவே கணக்கில் ஏறும். மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும், முடியாவிட்டால் அரசு உறுதிமொழிகள் குழுவிடம் காரணம் சொல்லி அவகாசம் கேட்க வேண்டும். தமிழ்நாடு சட்டப்பேரவையிலும் உறுதிமொழிக் குழு இருக்கிறது. மாவட்டங்களுக்கு ஆய்வுக்கும் வரும். அந்தக் குழு உங்கள் மாவட்டத்துக்கு வரும்போது, பதில் வந்த தேதியையும் அமைச்சர் சொன்ன வாக்கியத்தையும் தாளில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுங்கள். வாக்கியத்தை அப்படியே கொடுக்க வேண்டும், உங்கள் சொந்த நடையில் மாற்றக் கூடாது.

செய்யாறு: நில ஒருங்கிணைப்புச் சட்டத்தை விவாதமே இல்லாமல் நிறைவேற்றினார்கள் என்று கேள்விப்பட்டோம். இனிமேல் கேள்வி கேட்டு என்ன ஆகும்?

2023 ஏப்ரல் 21, கூட்டத்தொடரின் கடைசி நாளில், தமிழ்நாடு நில ஒருங்கிணைப்பு (சிறப்புத் திட்டங்களுக்கான) சட்டமுன்வடிவு நிறைவேறியது. 100 ஹெக்டேருக்குக் குறையாத திட்ட நிலத்துக்குள் ஏரி, ஓடை, வாய்க்கால் இருந்தால், அந்த இடத்தைத் திட்டத்தோடு சேர்த்துக்கொள்ள வழி செய்யும் சட்டம் அது. கிராமத்தின் நீர்நிலைகளைத் தொடும் ஒரு சட்டத்தைக் கடைசி நாளில் அவசரமாக முடித்தது சரியில்லை என்பதே என் உறுதியான கருத்து. சட்டமுன்வடிவை ஆராயும் உறுப்பினர்கள் குழுவான தேர்வுக் குழுவுக்கு அனுப்பி ஊர் ஊராகக் கருத்துக் கேட்டிருக்க வேண்டும்.

ஆனால் கேள்விக்கு இடம் நிறைய இருக்கிறது. நீர்நிலையின் கொள்ளளவு குறையக் கூடாது என்ற நிபந்தனை இந்தச் சட்டத்திலேயே உண்டு. அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். இதுவரை எந்தெந்தத் திட்டங்கள் சிறப்புத் திட்டமாக அறிவிக்கப்பட்டன? ஒவ்வொன்றிலும் எத்தனை நீர்நிலை? திட்டத்துக்கு முன் கொள்ளளவை அளந்தது யார், எந்த மாதத்தில்? கோடையில் அளந்தார்களா, மழைக்குப் பிறகா? கலங்கல் (உபரிநீர் வழியும் இடம்) மட்டம் குறிக்கப்பட்டதா? அந்த ஏரியின் பாசனத்தை நம்பியிருக்கும் ஆயக்கட்டு நிலத்துக்கு மடை எங்கே திறக்கும்?

கடைசிக் கேள்விதான் முக்கியம். கொள்ளளவு தாளில் அப்படியே இருந்தாலும், ஏரி இடம் மாறினால் பழைய ஆயக்கட்டுக்குத் தண்ணீர் பாயாது. அரசாணைகளில் 'கொள்ளளவு' வரும், 'ஆயக்கட்டு' எளிதில் வராது. அதைக் கேட்டு வரவழைக்க வேண்டியது உறுப்பினரின் வேலை.

கூடலூர்: பிரிவு 17 நிலத்தில் குடியிருக்கிறோம். வழக்கு நடக்கிறது என்று சொல்லியே கேள்வியை மறுத்துவிடுகிறார்கள்.

நீதிமன்ற விசாரணையில் உள்ளதை அவையில் கேட்க முடியாது என்பது விதி. 1969-ஆம் ஆண்டு ஜென்ம நிலங்கள் (பழைய பரம்பரை நிலவுடைமை) ஒழிப்புச் சட்டத்தின், தோட்டக் குத்தகை நிலங்களைப் பற்றிய 17-ஆம் பிரிவின் கீழ் வரும் நிலம் யாருக்குச் சொந்தம், யாருக்குப் பட்டா என்று கேட்டால் தள்ளுபடிதான் ஆகும். உரிமையை விட்டுவிட்டு நிர்வாகத்தைக் கேளுங்கள். எத்தனை குடும்பங்கள் கணக்கெடுக்கப்பட்டன, மின்இணைப்பு விண்ணப்பங்கள் எத்தனை நிலுவை, எந்தத் துறையின் தடையின்மைச் சான்று கிடைக்கவில்லை என்று. இவை தீர்ப்பைத் தொடாதவை.

ஆளுங்கட்சி எம்.எல்.ஏ. கேட்க மாட்டார் என்கிறார்களே?

கேட்பார், நீங்கள் தயாராகக் கொடுத்தால். குற்றச்சாட்டாக இல்லாமல் விவரம் கேட்கும் கேள்வியாக எழுதிக் கொடுங்கள். அவர் மறுத்தால் பக்கத்துத் தொகுதி உறுப்பினரிடம் போங்கள். எந்த உறுப்பினரும் எந்த ஊரைப் பற்றியும் கேட்கலாம்.

தென்காசி: கொடுக்கும்போது என்னென்ன கொடுக்க வேண்டும்? எவ்வளவு நாள் முன்னால்?

மக்களவைக்குக் குறைந்தது 15 நாள் முன்னறிவிப்பு வேண்டும். ஒரு நாளைக்கு 20 கேள்விகள்தான் வாய்மொழிப் பதிலுக்கு, 230 எழுத்துப் பதிலுக்கு. முன்னுரிமை குலுக்கலில் தீர்மானமாகும். கேள்வி 150 சொல்லுக்குள் அடங்க வேண்டும். கூட்டத்தொடர் அறிவித்த பிறகு ஓடினால் நேரம் போதாது, அதற்கு முன்பே எழுதி வைத்திருங்கள்.

'அ' பதிவேட்டின் நகல், புலப்பட (நிலத்தின் எல்லை வரைபடம்) நகல், கிராம சபைத் தீர்மானம் ஆகிய மூன்றும் இருக்கட்டும். கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. மார்ச் 22 உலகத் தண்ணீர் தினக் கூட்டம் நீர்நிலை விஷயத்துக்குப் பொருத்தமானது. தீர்மானத்தில் புல எண் இருக்க வேண்டும், எண்ணிட்ட தீர்மானப் புத்தகத்தில் ஏறியிருக்க வேண்டும். ஊராட்சிச் செயலர் 'அப்புறம் எழுதிக்கொள்கிறேன்' என்று சொன்னால் விடாதீர்கள், கூட்டம் கலைவதற்குள் எழுத வைத்துக் கையெழுத்துப் போடுங்கள்.