பிரிவியூ திக்குகிறதா? வீட்டு எடிட்டர்களின் கேள்விகளும் பதில்களும்

வந்த கேள்விகளில் முக்கால்வாசி ஒரே புகார்தான்: எடுத்த வீடியோ நன்றாக இருக்கிறது, எடிட்டிங் மென்பொருளில் போட்டதும் பிரிவியூ படுத்துகிறது. மென்பொருள் வேறு, கேமரா வேறு என்றாலும் முதல் சோதனை எல்லோருக்கும் ஒன்றுதான். புதிய டைம்லைன் ஒன்றைத் திறந்து, ஒரே ஒரு கிளிப்பை எஃபெக்ட், கலர் எதுவும் இல்லாமல் போட்டு ஓட விடுங்கள். அது ஒழுங்காக ஓடினால் சிக்கல் நீங்கள் மேலே ஏற்றிய எஃபெக்டுகளில் இருக்கிறது. அதுவே திக்கினால் கோப்பு, சுருக்கி வைத்த அதைப் பிரித்துப் படமாக்கும் டிகோடர், அது இருக்கும் டிஸ்க் என்ற மூன்றில் ஒன்று. இதைப் பார்க்காமல் ரேம் வாங்கக் கடைக்குப் போகாதீர்கள்.

கேள்வி: ஐபோனில் 4கே 60-ல் (விநாடிக்கு 60 ஃபிரேம்) எடுத்த மகளின் பிறந்தநாள் வீடியோ விஎல்சி ப்ளேயரில் அருமையாக ஓடுகிறது. அதே கோப்பு டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டரில் ஆமை வேகத்தில் நகர்கிறது. லேப்டாப்பில் 8 ஜிபி ரேம், தனி கிராபிக்ஸ் கார்டு இல்லை. விஎல்சியால் முடிவது எடிட்டரால் ஏன் முடியவில்லை?

பதில்: விஎல்சிக்கு இருக்கும் வேலை முன்னோக்கி ஓட்டுவது மட்டும்தான். சிப்பில் இருக்கும் டிகோடரிடம் கோப்பைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கும். நேரம் போதவில்லை என்றால் சில ஃபிரேம்களைச் சத்தமில்லாமல் விட்டுவிடும், நமக்குத் தெரியாது. எடிட்டருக்கு அந்தச் சலுகை கிடையாது. நீங்கள் சொன்ன ஃபிரேமை, சொன்ன இடத்தில், டைட்டிலும் கலரும் சேர்த்துக் காட்ட வேண்டும்.

கோப்பின் அமைப்பும் எடிட்டிங்குக்குச் சாதகமாக இல்லை. போன்கள் வீடியோவைச் சுருக்கும் முறைகளான எச்.264, எச்.265 இரண்டிலும் எல்லா ஃபிரேமும் முழுப் படமாகச் சேமிக்கப்படுவதில்லை. அவ்வப்போது ஒரு முழுப் படம் வரும். நடுவில் இருப்பவை எல்லாம் பக்கத்துப் படங்களிலிருந்து எது மாறியது என்ற குறிப்புகள்தான். விநாடிக்கு ஒரு முழுப் படம் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் 45-ஆவது ஃபிரேமில் கிளிக் செய்தால், அந்த ஒரு படத்தைக் காட்ட முதல் ஃபிரேமிலிருந்து கணக்குப் போட்டுக்கொண்டே வர வேண்டும். ஒரு விநாடி பின்னால் இழுத்தால் மறுபடி அதே கதை. அதனால்தான் நேராக ஓட்டும்போது சுமாராக ஓடும் கிளிப், டைம்லைனில் முன்னும் பின்னும் இழுத்துப் பார்க்கும்போது அப்படியே உறைகிறது.

பலரும் முதலில் ப்ளேபேக் ரெசல்யூஷனைப் பாதியாக, கால்வாசியாகக் குறைக்கிறார்கள். எஃபெக்டுகள் கனமாக இருந்தால் அது உதவும். உங்கள் விஷயத்தில் பெரிதாக உதவாது. காட்டுவது சிறிய படமானாலும் எச்.265-ஐ முழு 4கே அளவில் பிரித்துத்தானே ஆக வேண்டும்?

உங்களுக்குத் தேவை ப்ராக்ஸி, அதாவது எடிட் செய்ய மட்டும் பயன்படும் இலகுவான நகல் கோப்பு. மீடியா பூலில் (கிளிப்புகள் வரிசையாக இருக்கும் பகுதி) கிளிப்புகளைத் தேர்ந்தெடுத்து வலது கிளிக் செய்து ப்ராக்ஸி உருவாக்கச் சொல்லுங்கள். வடிவம் ப்ரோரெஸ் ப்ராக்ஸி அல்லது டிஎன்எக்ஸ்எச்ஆர் எல்பி. இவற்றில் ஒவ்வொரு ஃபிரேமும் தனி முழுப் படம், எங்கே கிளிக் செய்தாலும் உடனே வரும். இடம் பிடிக்கும், அதை மறைக்கவில்லை. 1080, 30 ஃபிரேமில் ப்ரோரெஸ் ப்ராக்ஸி விநாடிக்கு ஏறத்தாழ 45 மெகாபிட், அதாவது ஒரு மணி நேரத்துக்கு 20 ஜிபி. 60 ஃபிரேம் என்றால் அதில் இரண்டு மடங்கு. 720-க்கு இறக்கிச் செய்தால் நன்றாகவே குறையும், வெட்டி ஒட்ட அது போதும்.

அடுத்த முறை எடுக்கும்போது 4கே 30 வைத்துக்கொள்ளுங்கள். கேமரா அமைப்பில் ஃபார்மட்ஸ் என்ற இடத்தில் மோஸ்ட் கம்பாட்டிபிள் தேர்ந்தெடுத்தால் எச்.264-ல் பதிவாகும். 4கே 60 வேண்டும் என்றால் ஐபோன் எச்.265-ஐத்தான் பயன்படுத்தும். கேக் வெட்டுவதற்கு 60 ஃபிரேம் எதற்கு என்று ஒரு தடவை யோசித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ப்ராக்ஸி வைத்து எடிட் செய்தால் கடைசி வீடியோவும் மங்கலாக வருமா?

பதில்: வராது. எக்ஸ்போர்ட் செய்யும்போது மென்பொருள் மூலக் கோப்புக்கே போய்விடும். ஒரே எச்சரிக்கை, எக்ஸ்போர்ட் பக்கத்தில் ப்ராக்ஸியையே பயன்படுத்து என்று ஒரு டிக் பெட்டி இருக்கும். அது காலியாக இருக்கட்டும். மூலக் கோப்புகளை வேறு டிரைவுக்கு நகர்த்திவிட்டு எக்ஸ்போர்ட் கொடுப்பதும் கூடாது.

கேள்வி: சார், அடோபி பிரீமியர் எடிட்டரில் ஸ்பேஸ் பாரை அழுத்தினால் எதுவும் நடக்கவில்லை. டைம்லைனில் ஓடும் கோடான பிளேஹெட் நகரவே இல்லை. நேற்று இரவு வரை ஓடியது. ரீஇன்ஸ்டால் கூடச் செய்துவிட்டேன்.

பதில்: நேற்று இரவு ப்ளூடூத் ஹெட்செட் மாட்டியிருந்தீர்களா? எடிட்டர் ஓடும் வேகத்துக்குக் கடிகாரம் ஆடியோ சாதனம்தான். அது காணாமல் போனால் படமும் நின்றுவிடும். பிரிஃபரன்ஸஸில் ஆடியோ ஹார்டுவேர் பக்கத்துக்குப் போய் டிஃபால்ட் இன்புட்டை நோ இன்புட் என்று மாற்றுங்கள். அவுட்புட்டில் லேப்டாப் ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுங்கள். பெரும்பாலும் அந்த நிமிடமே ஓட ஆரம்பித்துவிடும்.

ப்ளூடூத் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். அதில் ஒலி தாமதமாக வரும். 0.2 விநாடி தாமதம் என்றால் 25 ஃபிரேம் டைம்லைனில் 5 ஃபிரேம். உதடு ஒட்டவில்லை என்று நினைத்து ஆடியோவை நகர்த்தி வைத்துவிட்டு, எக்ஸ்போர்ட் செய்த பிறகு தலையில் கை வைப்பார்கள். எடிட்டிங்குக்கு ஒயர் வைத்த இயர்போன் போதும்.

கேள்வி: பள்ளி ஆண்டு விழாவை ஆண்ட்ராய்டு போனில் 40 நிமிடம் எடுத்தேன். ஆரம்பத்தில் ஒலியும் படமும் சேர்ந்து போகின்றன. கடைசியில் பாட்டு ஒரு பக்கம், ஆட்டம் ஒரு பக்கம். இது ப்ளூடூத் பிரச்சனையா?

பதில்: இல்லை. ப்ளூடூத் தாமதம் முதலிலிருந்து கடைசி வரை ஒரே அளவில் இருக்கும். போகப் போக விலகினால் காரணம் பெரும்பாலும் மாறும் ஃபிரேம் ரேட். போன் கேமரா விநாடிக்கு 30 என்று சொல்லிக்கொண்டாலும் வெளிச்சம் குறைந்தால், சூடானால், 28, 29 என்று இறங்கும். அதைக் கோப்பிலும் அப்படியே எழுதிவைக்கும். நிலையான 30 என்று நம்பிக்கொண்டு போகும் எடிட்டரில் கணக்கு உதைக்கும்.

மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் கோப்பைத் திறந்து ஃபிரேம் ரேட் மோட் என்ற வரியைப் பாருங்கள். வேரியபிள் என்று இருந்தால் அதேதான். ஹேண்ட்பிரேக் என்ற கோப்பு மாற்றும் மென்பொருளில் போட்டு, வீடியோ பக்கத்தில் கான்ஸ்டன்ட் ஃபிரேம் ரேட் தேர்ந்தெடுத்து, தரத்தை ஆர்எஃப் 18 அளவில் வைத்து மாற்றுங்கள். ஏற்கெனவே எடிட் பாதி முடித்திருந்தால் வருத்தம்தான், புதுக் கோப்பில் வெட்டுகளை மறுபடி சரிபார்க்க வேண்டியிருக்கும். ஸ்கிரீன் ரெக்கார்டிங்குகளிலும் இந்தத் தொல்லை உண்டு.

கேள்வி: கல்யாண வீடியோ எடிட் செய்கிறேன். மிரர்லெஸ் கேமராவில் 10 பிட் 4:2:2. அதற்காகவே என்விடியா ஆர்டிஎக்ஸ் 4060 கிராபிக்ஸ் கார்டு போட்டேன் அண்ணா. பிரிவியூ துளிகூட மாறவில்லை. கார்டு பழுதா?

பதில்: கார்டில் பழுது இல்லை தம்பி. கிராபிக்ஸ் கார்டு என்பது ஒரே இயந்திரம் இல்லை. எஃபெக்டுகளைக் கணக்கிடும் பகுதி ஒன்று, வீடியோவைப் பிரிக்கும் டிகோடர் தனியாக ஒன்று. என்விடியாவின் 40 வரிசை வரைக்கும் அந்த டிகோடருக்கு 4:2:2 (4:2:0-ஐவிட அதிக நிற விவரம் வைக்கும் முறை) வராது. எச்.265-ல் 4:2:0, 4:4:4 மட்டுமே பழக்கம். நீங்கள் எவ்வளவு விலை உயர்ந்த 40 வரிசை கார்டு வாங்கியிருந்தாலும் இதே நிலைதான், பிரிக்கும் வேலை முழுக்க பிராசசரின் தலையில் விழும். 2025-ல் வந்த 50 வரிசையில்தான் இது சேர்ந்தது.

செலவில்லாத வழி ஒன்று இருக்கலாம். உங்கள் பிராசசர் இன்டெல் 11-ஆவது தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையதா? அதில் உள்ளேயே இருக்கும் கிராபிக்ஸில் குயிக் சிங்க் என்ற டிகோடர் எச்.265 4:2:2 10 பிட்டை அநாயாசமாகப் பிரிக்கும். தனி கார்டு போட்டதும் பல மதர்போர்டுகள் அந்த உள் கிராபிக்ஸை அணைத்துவிடுகின்றன. பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரை) போய் அதை எழுப்பி, இன்டெல் டிரைவரைப் போட்டு, எடிட்டரின் ஹார்டுவேர் டிகோடிங் அமைப்பில் இன்டெலையும் டிக் செய்யுங்கள். பிராசசர் எண்ணின் கடைசியில் எஃப் என்ற எழுத்து இருந்தால் மட்டும் இதை மறந்துவிடுங்கள், அதில் உள் கிராபிக்ஸே கிடையாது. கடைக்காரர்கள் கொஞ்சம் விலை குறைவு என்று எஃப் வகையைத் தள்ளிவிடுவது வழக்கம். எடிட்டிங்குக்கு அந்த மிச்சம் வேண்டாம்.

கவனிக்க, குயிக் சிங்க் கைகொடுப்பது எச்.265 4:2:2-க்கு. எச்.264-ல் 10 பிட் 4:2:2 பதிவு செய்திருந்தால் அங்கேயும் பெரும்பாலும் வழியில்லை, ப்ராக்ஸிதான். கேமராவில் ஒவ்வொரு ஃபிரேமையும் முழுப் படமாகப் பதியும் ஆல்-இன்ட்ரா முறை இருந்தால் அதையும் யோசியுங்கள். மெமரி கார்டு சீக்கிரம் நிரம்பும், ஆனால் டைம்லைன் இலகுவாக இருக்கும்.

கேள்வி: ஒலி கேட்கிறது, பிரிவியூ திரை மட்டும் கறுப்பு.

பதில்: லேப்டாப்பில் இரண்டு கிராபிக்ஸ் இருந்தால் விண்டோஸ் செட்டிங்ஸில் டிஸ்ப்ளே, அதற்குள் கிராபிக்ஸ் பக்கம் போய் உங்கள் எடிட்டருக்கு ஹை பெர்ஃபார்மன்ஸ் என்று குறியுங்கள். பலிக்கவில்லை என்றால் எடிட்டரில் படத்தைக் கணக்கிடும் ரெண்டரரைச் சற்று நேரத்துக்குச் சாஃப்ட்வேர் ஒன்லி ஆக்கிப் பாருங்கள். படம் வந்துவிட்டால் டிரைவர்தான் காரணம், கார்டு நிறுவனத்தின் தளத்திலிருந்து புதிதாகப் போடுங்கள். சில கோப்புகளுக்கு மட்டும் கறுப்பு என்றால் அவை எச்.265 ஆக இருக்கும். விண்டோஸின் டிகோடரையே நம்பியிருக்கும் சின்ன எடிட்டர்களுக்கு மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலிருந்து எச்இவிசி (எச்.265-இன் இன்னொரு பெயர்) எக்ஸ்டென்ஷனைப் போட வேண்டியிருக்கும்.

பச்சை, ரோஸ் நிறக் கட்டங்கள் தெறித்தால் வேறு கதை. ஹார்டுவேர் டிகோடிங்கை அணைத்து எடிட்டரைத் திரும்பத் திறந்து பாருங்கள். போய்விட்டால் டிரைவர். போகாமல் விஎல்சியிலும் அதே இடத்தில் தெறித்தால் கோப்பே கெட்டிருக்கிறது, மெமரி கார்டிலிருந்து மறுபடி நகலெடுங்கள்.

கேள்வி: மூன்று கேமரா மல்டிகேம். எல்லாம் வெளி யுஎஸ்பி ஹார்ட் டிஸ்க்கில். ஒரு கேமரா மட்டும் போட்டால் ஓடுகிறது, மூன்றும் சேர்ந்தால் நிற்கிறது.

பதில்: கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கேமரா விநாடிக்கு 100 மெகாபிட் என்றால் மூன்றும் 300 மெகாபிட், அதாவது 37.5 எம்பி (மெகாபைட்). பழைய யுஎஸ்பி 2.0 துளையில் நடைமுறையில் கிடைப்பதே 30 முதல் 40 எம்பி. விளிம்பில் நிற்கிறீர்கள். நீல நிறத் துளையில் மாட்டுங்கள், கேபிளும் 3.0 தானா என்று பாருங்கள். அதற்குப் பிறகும், சுழலும் தட்டு உள்ள ஹார்ட் டிஸ்க்கில் ஒரே முள் மூன்று கோப்புகளுக்கு இடையே ஓடிக்கொண்டிருக்கும், வேகம் பாதியாகிவிடும். எடிட் நடக்கும் நாட்களில் மட்டும் கோப்புகளை எஸ்எஸ்டியில் வைத்துக்கொண்டு, முடிந்ததும் ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றிவிடுங்கள்.

கேள்வி: சில கிளிப்புகள் மட்டும் முதல் தடவை ஒரு நிமிடம் உறைந்து, பிறகு நன்றாக ஓடுகின்றன. என்ன மாயம்?

பதில்: கோப்புகள் டெஸ்க்டாப்பிலோ டாக்குமென்ட்ஸிலோ இருக்கின்றனவா? ஒன்டிரைவ் ஓடுகிறதா? கோப்பின் பக்கத்தில் மேகக் குறி இருந்தால் அது உங்கள் கணினியில் இல்லை, பெயர் மட்டும்தான் இருக்கிறது. தொட்டதும் இணையத்திலிருந்து இறங்குகிறது. வலது கிளிக் செய்து எப்போதும் இந்தக் கணினியில் வைத்திரு என்று சொல்லுங்கள். அதைவிட, சி டிரைவில் வீடியோவுக்குத் தனி ஃபோல்டர் போட்டுவிடுவது மேல்.

கேள்வி: 20 நிமிடம் நன்றாக ஓடும், அப்புறம் திக்கும். லேப்டாப் மடியில் வைக்க முடியாத சூடு.

பதில்: சூட்டில் பிராசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. சார்ஜர் மாட்டி வேலை செய்யுங்கள், மெத்தை மேல் வைக்காதீர்கள், ஃபேன் துளைத் தூசியைத் துடையுங்கள்.

கேள்வி: அப்பாவின் பழைய ஹேண்டிகேம் டேப்பைக் கணினியில் ஏற்றினேன். யாராவது கை அசைத்தால் ஓரம் சீப்புப் பல் மாதிரி கிழிந்து தெரிகிறது. எடிட்டரில் சரியாக ஓடவில்லையா, டேப் கெட்டுவிட்டதா?

பதில்: இரண்டும் இல்லை. அந்தக் கால வீடியோ இன்டர்லேஸ்டு. 720க்கு 576 அளவில், விநாடிக்கு 25 ஃபிரேம். ஆனால் ஒவ்வொரு ஃபிரேமும் இரண்டு பாதி. ஒற்றைப்படைக் கோடுகள் ஒரு கணம், இரட்டைப்படைக் கோடுகள் அடுத்த கணம் எடுக்கப்பட்டவை. குழாய் டிவியில் அது அழகாகத் தெரிந்தது. கணினித் திரை இரண்டையும் ஒரே நேரத்தில் காட்டும்போது அசையும் இடம் பிளந்து தெரியும். அசையாத சுவர் சரியாக இருக்கும், கவனித்திருப்பீர்கள்.

கிளிப்பின் பண்புகளில் ஃபீல்டு ஆர்டர், அதாவது எந்தப் பாதி முதலில் என்பது, சரியாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். DV என்ற டிஜிட்டல் வீடியோ டேப்புக்கு லோயர் ஃபர்ஸ்ட். தவறாக இருந்தால் நடப்பவர் ஒரு அடி முன்னும் அரை அடி பின்னுமாகத் துள்ளுவார். அதைச் சரிசெய்து, பிறகு டிஇன்டர்லேஸ் செய்யுங்கள், அதாவது பாதிகளை முழுப் படங்களாக்குங்கள். முடிந்தால் 25-க்குப் பதில் 50 ஃபிரேமாக மாற்றுங்கள். இரண்டு பாதிகளும் தனித்தனி ஃபிரேமாகி, டேப்பில் இருந்த அசைவு முழுக்கக் கிடைக்கும். மூலக் கோப்பை அழிக்க வேண்டாம்.

கேள்வி: லினக்ஸில் ரிசால்வ் இலவசப் பதிப்பு. எம்பி4 கோப்பு வரவே மாட்டேன் என்கிறது.

பதில்: லினக்ஸுக்கான இலவசப் பதிப்பு எச்.264, எச்.265 கோப்புகளை நெடுங்காலமாகவே திறப்பதில்லை. ஷட்டர் என்கோடர் என்ற கோப்பு மாற்றும் மென்பொருளில் டிஎன்எக்ஸ்எச்ஆர் ஆக, ஒலியைச் சுருக்காத பிசிஎம் ஆக மாற்றிக் கொண்டுபோங்கள். அவ்வளவு மெனக்கெட விருப்பமில்லை என்றால் கேடென்லைவ் என்ற எடிட்டர் இருக்கிறது. ப்ராக்ஸியும் உண்டு, வீட்டு வேலைக்கு தாராளம்.

கேள்வி: மீடியா கேஷை அழித்தால் புராஜெக்ட் போய்விடுமா? 60 ஜிபி பிடித்திருக்கிறது, சி டிரைவ் சிவப்பில் நிற்கிறது.

பதில்: போகாது. கேஷ் என்பது எடிட்டர் வேகத்துக்காக எழுதிவைக்கும் தற்காலிகக் கோப்புகள்தான். எடிட்டரை மூடிவிட்டு அழியுங்கள். அடுத்த முறை திறக்கும்போது ஒலி அலைவடிவங்களை மறுபடி உருவாக்கிக்கொள்ளும், அந்த முதல் சில நிமிடங்கள் மெதுவாக இருக்கும். ஃபோல்டரைக் கண்டுபிடித்துக் கையால் அழிப்பதைவிட மென்பொருளின் அமைப்பில் உள்ள பொத்தானையே பயன்படுத்துங்கள். கேஷுக்குப் பக்கத்திலேயே ஆட்டோசேவ் ஃபோல்டரும் இருக்கக்கூடும். அதன் மேல் கை வைத்துவிடாதீர்கள்.