மெட்டில்3-ஐக் குறைத்தாலும் எச்ஐவி குறைகிறது, ஒய்டிஎச்டிஎஃப்2-ஐக் கூட்டினாலும் குறைகிறது: எது சரி?

ஆர்என்ஏவில் எம்6ஏ என்ற குறியை இடும் நொதி மெட்டில்3; அந்தக் குறியைப் பிடித்துக்கொள்ளும் புரதம் ஒய்டிஎச்டிஎஃப்2. உங்கள் சோதனைகளில் முதலாவதைக் குறைத்தபோதும் இரண்டாவதைக் கூட்டியபோதும் எச்ஐவி குறைந்தது முரணாகத் தெரிகிறதே என்று கேட்டிருந்தீர்கள். இரண்டும் சரியாக இருக்கலாம். ஒரே வேதிக்குறி, வைரஸ் வாழ்க்கையின் இரண்டு கட்டங்களில் இரண்டு வேலை செய்கிறது.

எம்6ஏ என்பது ஆர்என்ஏவின் அடினோசினில் ஒட்டும் மெத்தில் குழு. நீங்கள் மெட்டில்3-ஐக் குறைத்தது வைரஸை உற்பத்தி செய்யும் செல்லில். அங்கே குறி குறைந்தால், வைரஸ் துகளைக் கட்டும் காக் புரதமும் குறையும். ஒய்டிஎச்டிஎஃப்2-ஐக் கூட்டியதோ புதிதாகத் தொற்றும் செல்லில். அங்கே அந்தப் புரதம் உள்ளே வந்த வைரஸ் ஆர்என்ஏவைப் பிடித்துக்கொண்டு, அது டிஎன்ஏவாக மாறுவதைத் தடுக்கிறது. உங்கள் குழப்பத்துக்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

இப்படிப் பாருங்கள்:

1. உற்பத்திச் செல்களின் மேல்நீரில் (செல்களுக்கு மேலே நிற்கும் வளர்ப்புத் திரவம்) வைரஸின் உறைப் புரதமான பி24-ஐ அளவெடுத்து, சமமான பி24 உள்ள வைரஸையே இலக்குச் செல்களுக்குக் கொடுங்கள். இதைச் செய்யாமல் ஒப்பிட்டால் எல்லாம் வீண்.

2. தொற்றவைத்த 24 மணி நேரத்தில், வைரஸ் ஆர்என்ஏ டிஎன்ஏவாக மாறும் தலைகீழ்ப் படியெடுப்பின் பிந்தைய கட்டத்தில் உருவாகும் டிஎன்ஏவை க்யூபிசிஆரில் (டிஎன்ஏவைப் பெருக்கி அளவிடும் முறை) அளவிடுங்கள். தலைகீழ்ப் படியெடுப்பைத் தடுக்கும் நெவிராபின் மருந்து கொடுத்த ஒரு கிணறு (தட்டின் ஒரு குழி) கட்டாயம். இல்லாவிட்டால் வைரஸைத் தயாரிக்கப் பயன்படுத்தியதில் மிச்சமிருக்கும் பிளாஸ்மிட் (வட்ட டிஎன்ஏ) உங்களை ஏமாற்றும் (எனக்கு ஒரு மாதம் போனது அப்படித்தான்).

டிஎன்ஏ அளவு குறைந்தால் தடை தொடக்கக் கட்டத்தில்தான்.

ஒன்று கவனம்: மெட்டில்3 செல்லின் சொந்த ஆர்என்ஏக்களையும் மாற்றுகிறது, ஆக விளைவு மறைமுகமாகவும் வரலாம். 2016-இல் வந்த ஆய்வுகளே ஒய்டிஎச்டிஎஃப் புரதக் குடும்பத்தின் விஷயத்தில் ஒத்துப்போகவில்லை. ஒன்று வைரஸ் பெருக்கத்துக்கு உதவுகிறது என்றது, இன்னொன்று தடுக்கிறது என்றது. எந்த செல் வகை என்று நீங்கள் எழுதவில்லையே?