இரவல் போகும் மடக்குக் கத்தி: கேள்வி–பதில்

கே: அலுவலகத்தில் ஆளாளுக்கு என் மடக்குக் கத்தியைக் கேட்கிறார்கள். பெயின்ட் டப்பா மூடியை நெம்பி முனையை உடைத்துவிட்டார் ஒருவர். நெம்பினாலும் உடையாத கெட்டியான கத்தி எது?

ப: அப்படி ஒன்று கிடையாது. இருப்பதாக விற்பவர்கள் சொல்வார்கள். மரப்பெட்டியை நெம்புவது, கத்தியின் முதுகில் சுத்தியலால் அடித்து விறகு பிளப்பது என்று படம் போட்டு மடக்குக் கத்தி விற்கிறார்களே, அந்த விளம்பரங்களின் மேல் எனக்குத் தீராத கோபம். இரவல் கேட்பவருக்குத் துணிச்சல் வருவதே அந்தப் படங்களைப் பார்த்துத்தான்.

கூர் நிற்க எஃகு கடினமாக இருக்க வேண்டும். சட்டைப்பைக் கத்திகள் பெரும்பாலும் கடினத்தை அளக்கும் ராக்வெல் அளவில் 55 முதல் 60 வரை வரும். கடினம் ஏற ஏற, வளைந்து கொடுக்கும் குணம் குறையும். போதாததற்கு முனையருகே பிளேடு ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இருக்காது. மூடிக்கு அடியில் செருகி நேராகத் தூக்கினால் சில சமயம் பிழைக்கும், பக்கவாட்டில் திருகினால் பிழைக்காது. முனை தடித்த கத்தி வாங்கலாமே என்பீர்கள். உடைவது குறையும், ஆனால் பழத்தோல்கூட ஒழுங்காகச் சீவ வராது. அந்த ரகத்தில் காசு கொடுத்து வாங்கிய ஒன்று என் மேசை டிராயரில் சும்மா கிடக்கிறது. சுத்தியல் அடி இன்னும் மோசம். பிளேடு சுழலும் ஆணி தளர்ந்துபோகும், பிளேடு இடவலமாக ஆடும், அதை மடங்காமல் நிறுத்தும் லாக் அரைகுறையாகப் பிடிக்கும், கடைசியில் யாரோ ஒருவரின் விரல்மேல் மடங்கும்.

நீங்கள் வாங்க வேண்டியது, நுனியை உடைத்துப் போடும் பிளேடு உள்ள கட்டர். 1956-இல் ஜப்பானில் உருவான யோசனை; இன்றும் இதை மிஞ்சிய இரவல் கத்தி இல்லை. அட்டைப்பெட்டிக்கு 18 மி.மீ. அகலம், காகிதத்துக்கு 9 மி.மீ. மழுங்கினால் கோடு போட்ட இடத்தில் குறடால் பிடித்து ஒரு துண்டை உடைத்தால் புதுக்கூர். இரண்டு துண்டு நீளத்துக்கு மேல் பிளேடை வெளியே நீட்ட வேண்டாம் என்று மட்டும் சொல்லிக் கொடுங்கள். டப்பா மூடியை நெம்ப, கட்டருக்குப் பக்கத்திலேயே ஒரு தட்டை ஸ்க்ரூடிரைவர். உங்களிடம் இருப்பது விக்டோரினாக்ஸ் சுவிஸ் கத்தியில் 91 மி.மீ. நீள ரகம் என்றால் அதன் பாட்டில் ஓப்பனரின் நுனியே 6 மி.மீ. ஸ்க்ரூடிரைவர்தான். அதைத் திறந்து, கத்தி மூடியபடி கையில் கொடுங்கள்.

கே: முனை 3 மி.மீ. போய்விட்டது. பக்கத்து வீட்டுக்காரர் சாணை கிரைண்டரில் ஒரு நொடியில் சீவித் தருகிறேன் என்கிறார்.

ப: அந்த ஒரு நொடியே போதும். மெல்லிய முனை சூடேறி முதலில் வைக்கோல் நிறம், பிறகு பழுப்பு, பிறகு நீலம் ஆகும். நீலம் வந்த இடத்தில் எஃகு இளகிப்போனதாக அர்த்தம். அப்புறம் எவ்வளவு தீட்டினாலும் அங்கே கூர் நிற்காது.

கையாலேயே செய்யலாம். 200 அல்லது 400 கிரிட் (எண் ஏற ஏற கல் நைசாகும்) கல்லை நனைத்துக்கொண்டு, வெட்டும் பக்கத்தைத் தொடாமல், முதுகுப் பக்கத்திலிருந்து தேய்த்துக் கீழே இறக்கி வெட்டும் விளிம்போடு சேருங்கள். வெட்டும் பக்கத்திலிருந்து மேலே தேய்த்தால் புது முனை முதுகோரம் போய்விடும். மடக்கும்போது அது கைப்பிடிக்கு வெளியே துருத்தி நின்று பையையும் தொடையையும் கிழிக்கும். நாலைந்து இழுப்புக்கு ஒருமுறை மடக்கிப் பாருங்கள். முனை உள்ளே அடங்கியதும் 1000 கிரிட்டில், பக்கத்துக்கு 20 டிகிரி சாய்த்துத் தீட்டினால் முடிந்தது.

கே: வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. தோழியிடம் கொடுத்தேன். நூல்கயிறு அறுக்கும்போதே பிளேடு இரண்டாகிவிட்டது என்கிறாள். தப்பாகப் பயன்படுத்தியிருக்கிறீர்கள், வாரண்டி கிடையாது என்று கடைக்காரர் கைவிரிக்கிறார். யாரை நம்புவது?

ப: உடைந்த முகத்தைப் பாருங்கள், அம்மா, அது பொய் சொல்லாது. நல்ல வெளிச்சத்தில், பூதக்கண்ணாடி வைத்து. உடைந்த முகம் முழுக்கப் பளபளப்பான சாம்பல் நிறமாக இருந்தால் ஒரே அடியில் உடைந்திருக்கிறது. அத்துடன் பக்கத்தில் வளைவோ, மூடி விளிம்பு உரசிய கீறலோ தெரிந்தால் தோழி எதையோ நெம்பியிருக்கிறார். ஆனால் உடைந்த முகத்தில் ஒரு பகுதி கறுத்தோ துருப்பிடித்தோ, மீதி மட்டும் புதிதாக மின்னினால், விரிசல் முன்பே இருந்திருக்கிறது. எஃகைக் காய்ச்சிக் குளிர வைக்கும்போது விழும் விரிசல் அப்படித்தான் கறுத்துக் கிடக்கும். அது செய்தவரின் குறை, உங்கள் தோழி சொல்வது நிஜம்.

துடைக்காதீர்கள், எண்ணெய் தடவாதீர்கள், இரண்டு துண்டையும் ஒட்டிப் பார்க்காதீர்கள். கிட்டத்தில் படம் எடுத்து, தனித்தனியாகக் காகிதத்தில் சுற்றி வையுங்கள். ரசீது நகலோடு தயாரிப்பாளருக்கே எழுத்தில் அனுப்புங்கள். வாரண்டி பொதுவாக மூலப்பொருள் குறைக்கும் செய்நேர்த்திக் குறைக்கும்தான், யார் கையில் உடைந்தது என்பது பிறகு. துண்டைக் கையில் வாங்கிக்கூடப் பார்க்காமல் வாரண்டி இல்லை என்று சொன்ன கடைக்காரரையும் அந்தக் கடிதத்தில் குறிப்பிடுங்கள்.

கே: ஒரே நண்பர் மூன்று முறை முனையை உடைத்துவிட்டார். நான்காவதாக எந்த மாடல் வாங்கலாம்?

ப: எதையும் வாங்காதீர்கள்.

கே: குடித்துவிட்டால் கைநீட்டும் மைத்துனர், விசேஷ வீட்டில் வந்து கத்தியைக் கேட்கிறார். கொடுக்காவிட்டால் மனத்தாங்கல் வருமே?

ப: வரட்டும். “எதை வெட்டணும், கொண்டு வாங்க, நான் வெட்டித் தர்றேன்” என்று சொல்லுங்கள். கோபத்தில் இருப்பவர், குடித்தவர், எதற்கு என்று கேட்டால் “சும்மா” என்பவர், மூவருக்கும் இதே பதில். வெட்ட வேண்டிய பொருள் வரவே வராது, பாருங்கள். அவர் போகும்வரை கத்தியை இடுப்பிலிருந்து எடுத்துப் பூட்டி வைத்துவிடுங்கள்.

கே: லைனர் லாக் கத்தி (கைப்பிடிக்குள் இருக்கும் தகடு பிளேடைப் பூட்டும் ரகம்). இரவல் வாங்கிய பெண் மூடத் தெரியாமல் கட்டைவிரலை அறுத்துக்கொண்டார். கத்தியில் கோளாறா?

ப: இல்லை. மூடும் விதத்தைச் சொல்லித் தராமல் கொடுத்ததுதான் கோளாறு. கைப்பிடிக்குள் தெரியும் மெல்லிய தகட்டைக் கட்டைவிரலால் பக்கவாட்டில் தள்ள வேண்டும். பிளேடு கொஞ்சம் அசைந்ததுமே கட்டைவிரலை எடுத்துவிட்டு, மற்றக் கையால் முதுகைப் பிடித்து மடக்க வேண்டும். புதியவர்கள் விரலை எடுப்பதில்லை. கத்தியை மூடியபடியே கொடுங்கள், உங்கள் முன்னால் ஒருமுறை திறந்து மூடச் சொல்லுங்கள். தடுமாறினால் திருப்பி வாங்கிக்கொண்டு கத்தரிக்கோலை நீட்டுங்கள்.

கே: இரவல் வாங்கிப் போனவர் கைப்பையில் மறந்து வைத்து, விமான நிலையச் சோதனையில் பறிகொடுத்துவிட்டார். பாதி விலை தருகிறாராம்.

ப: முழு விலை. அல்லது அதே மாடல்.

கே: மரக் கைப்பிடி போட்ட ஓப்பினெல் என்ற பிரெஞ்சு மடக்குக் கத்தி. வாங்கிப் போனவர் தண்ணீரில் ஊறப்போட்டுக் கழுவி ஈரத்தோடு தந்தார். இப்போது திறக்கவே முடியவில்லை.

ப: பீச் மரம் தண்ணீர் குடித்து உப்பி, பிளேடைக் கவ்விக்கொண்டிருக்கிறது. குறடு போட்டு இழுக்காதீர்கள். பிளேடைப் பூட்டும் கழுத்து வளையம் திறந்த நிலையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, கைப்பிடியின் பின்நுனியை மரமேசை விளிம்பில் டொக்கென்று தட்டுங்கள். பிளேடு கொஞ்சம் எட்டிப் பார்க்கும். விரலைக் கூர்ப்பக்கம் கொண்டுபோகாமல் முதுகைப் பிடித்துத் திறந்து, திறந்தபடியே இரண்டு மூன்று நாள் நிழலில் காயவிடுங்கள். வெயிலிலோ அடுப்பருகிலோ வைத்தால் மரம் வெடிக்கும். காய்ந்த பிறகும் இறுக்கமாக இருந்தால் 120 நம்பர் உப்புத்தாளை ஓர் அட்டையில் சுற்றி, பள்ளத்தின் இரு சுவர்களையும் லேசாகத் தேய்த்து, ஆளி விதை எண்ணெய் பூசுங்கள். பிளேடு கார்பன் எஃகு என்றால் இந்நேரம் துரு கட்டியிருக்கும், முதலில் அதைத் துடைத்துவிட்டு அதற்கும் ஒரு கை எண்ணெய்.